முப்பது நொடிக்கு ஒரு படம்

ஏழாவது ரொட்டி எண்ணெயில் விழுந்த அதே நொடியில், ஜன்னலோரம் நின்ற கேமரா தானாக ஒரு படம் எடுத்தது.

க்ளிக். சின்னச் சத்தம்தான். கொதிக்கிற எண்ணெயின் இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் எட்டு வருடம் ஒரு போட்டோகிராபருக்கு மனைவியாக இருந்த பெர்மெத்துக்குக் கேட்டது. கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். முக்காலி ஸ்டாண்டின் மேல் கேமரா, லென்ஸ் முற்றத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. பக்கத்தில் யாரும் இல்லை.

“என்ன சத்தம்?” மேசையருகே நின்று, சுட்டு எடுத்த ஆறு ரொட்டிகளையும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஜிப்பார் கேட்டாள். பெர்மெத்தின் கணவன் குபாத்துக்கு அவள் அக்கா.

“கேமராதான்க்கா.”

“வாசம் எழுப்புற வீட்டுல போலீஸ்காரன் குடுத்த சாமானை ஏன் பரப்பி வெச்சிருக்க?”

“காலையிலதான் திருப்பிக் குடுத்தாங்க. ஓடுதான்னு பார்க்க பேட்டரி போட்டேன்.”

“ஓடுது, சந்தோஷம். ரொட்டியைப் புரட்டு, கருகுது.”

பனிமலைகளுக்கு நடுவே இருக்கும் நரின் நகரத்தில் வியாழக்கிழமை சாயங்காலமானால் எல்லா அடுப்பிலும் எண்ணெய் காயும். ஏழு ரொட்டி பொரிப்பார்கள். அந்த வாசம்தான் இறந்தவர்களுக்குச் சாப்பாடு. பேரைச் சொல்லி, ‘போய்ச் சேரட்டும்’ என்று சொன்னால், வாசலுக்கு வந்து காத்திருப்பவர்கள் வயிறு நிறைந்து திரும்பிப் போவார்கள். குபாத்துக்காக இந்தச் சமையலறையில் ஒரு வருடமாக எண்ணெய் காயவில்லை. பெர்மெத் விடவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு யாராவது வாசம் எழுப்புவார்களா என்று கேட்டாள். உடம்பு கிடைத்ததா, காட்டுங்கள் என்றாள். நாளைக் காலை பத்து மணிக்குக் கோர்ட்டில் ஒரு காகிதம் காத்திருந்தது. அதில் அவள் கையெழுத்து விழுந்தால் குபாத் இறந்தவன். விழாவிட்டால் காணாமல் போனவன், அவ்வளவுதான். அதற்கு முன் ஒரு தடவையாவது என்று ஜிப்பார்தான் இன்று அடுப்பேற்ற வைத்தாள்.

“பேரைச் சொன்னியா?” தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டே ஜிப்பார் கேட்டாள்.

“சொன்னேன்.”

“அப்பா பேரு, அம்மா பேரு, கடைசியா அவன் பேரு?”

“எல்லாம் சொன்னேன்க்கா.”

“ஒரு வருஷமா என் தம்பியைப் பட்டினி போட்டுட்ட. இன்னிக்காவது சாப்பிடட்டும்.” ரொட்டிகளைப் பைக்குள் அடுக்கினாள். “ஆறு வீட்டுக்கும் குடுத்துட்டு வந்துடுறேன். ஒவ்வொருத்தியும் வாசல்லயே புடிச்சு வெச்சுப் பேசுவாளுங்க. ஏழாவதை நீ பிச்சு வாயில போடு. எலும்பா இருக்க.”

வெளிக்கதவு சாத்திக்கொண்டது. மாடிப்படியில் அவளுடைய கனத்த காலடிகள் தேய்ந்து போயின.

பெர்மெத் ஏழாவது ரொட்டியை எடுத்து வைத்து அடுப்பை அணைத்தாள். ஜிப்பாரிடம் சொன்னது முக்கால்வாசி உண்மை. மாமனார் பேரையும் மாமியார் பேரையும் முறைப்படிதான் சொன்னாள். ஏழாவது ரொட்டியைக் கையில் எடுத்தபோதுதான் வாய் வேறு மாதிரிப் பேசியது. எண்ணெயின் மேல் குனிந்து, ஆவி முகத்தில் அடிக்க, உதட்டுக்குள் சொன்னாள்.

குபாத், வீட்டுக்கு வா.

க்ளிக்.

இந்த முறை அவள் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் தலையில் செருகியிருந்த தீப்பெட்டி அளவுப் பெட்டியில் பச்சை விளக்கு ஒரு கணம் சிவப்பாகி மீண்டும் பச்சையானது. ரிமோட்டிலிருந்து சிக்னல் வந்தால்தான் அது சிவக்கும். போன குளிர்காலத்தில் உறைந்த ஏரியைப் படம் எடுக்கப் போன அன்று அந்த ரிமோட் குபாத்தின் கையில் இருந்தது. குபாத்தோடு போனது.

பக்கத்தில் எவனோ அதே மாதிரி ரிமோட் வைத்திருக்கிறான், அதுதான் விஷயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு கல்யாண வீட்டில் இப்படி நடந்திருக்கிறது. வேறொருவன் தன் ரிமோட்டை அழுத்த, குபாத்தின் கேமரா மாப்பிள்ளையின் செருப்பை இருபது படம் எடுத்துவிட்டது. வீடு வரும்வரை சிரித்தான். அன்றைக்கே பெட்டியிலும் ரிமோட்டிலும் சேனலைப் பதினொன்றுக்கு மாற்றினான். “பதினொண்ணை எவனும் தொட மாட்டான் பாரு” என்றான்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். முள் அரை வட்டம் சுற்றியது.

க்ளிக்.

மறுபடி அரை வட்டம். க்ளிக்.

இது விரல் இல்லை, ரிமோட்டில் இருக்கும் டைமர். முப்பது நொடிக்கு ஒரு படம், மொத்தம் நாற்பது. ஏரிக்கரையில் அவன் வைத்த அதே கணக்கு.

அந்த நாற்பது படங்களும் இன்னும் கேமராவுக்குள் இருந்தன. முதல் படத்தில் அவன் முகம். எங்கே போனாலும் அவனுக்கு அது பழக்கம். லென்ஸுக்கு முன்னால் குனிந்து, ரிமோட்டைப் பாதி அழுத்துவான். பீப் என்று ஒரு சத்தம். “மொதப் படம் எனக்கு, மிச்சம் உங்களுக்கு” என்பான். சிரிப்பான். க்ளிக். அதற்குப் பிறகு திரும்பி உறைந்த ஏரியின் மேல், ஒரு படத்துக்கு இரண்டு மூன்று எட்டு என்று நின்று நின்று நடக்க ஆரம்பித்திருக்கிறான். இவ்வளவு பெரிய ஏரியில் ஒரு மனிதன் எவ்வளவு சிறியவன் என்று காட்ட வேண்டுமாம். ஒவ்வொரு படத்திலும் சிவப்பு ஜாக்கெட் போட்ட முதுகு. ஒவ்வொன்றிலும் இன்னும் கொஞ்சம் தள்ளி, இன்னும் கொஞ்சம் சின்னதாக. முப்பத்தொன்பதாவதில் ஒரு புள்ளி.

நாற்பதாவதில் பனிக்கட்டி மட்டும்.

ரிமோட்டின் சிக்னல் எண்பது மீட்டருக்கு மேல் எட்டாது. இந்த ஜன்னலிலிருந்து முற்றத்தின் இரும்பு கேட்வரை எண்பது மீட்டர் இருக்கும்.

இங்கேதான் இருக்கிறான். கேட்டுக்கு அருகே. உயிரோடு.

ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். நிலக்கரிப் புகையும் மூடுபனியும் ஒன்றாகக் கலந்த குளிர் முகத்தில் வந்து மோதியது. நாலரை மணி வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. கீழே பனி மூடிய ஊஞ்சல், கம்பளம் தட்டும் கம்பி, வரிசையாகக் கார் ஷெட்டுகள். “குபாத்?” என்று கூப்பிட்டாள். எங்கோ ஒரு நாய் குரைக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டது.

கேட் அருகே யாரும் இல்லை.

க்ளிக்.

கேமராவின் பின்திரையில் படங்களைத் தட்டினாள். இன்று எடுத்ததில் முதல் படம், வெறும் முற்றம். இரண்டாவது, கேட்டின் கம்பிகளுக்கு நடுவே சிவப்பாக ஒரு புள்ளி. மூன்றாவதிலும் நான்காவதிலும் புள்ளி கொஞ்சம் பெரிதானது. ஐந்தாவதில் அது ஒரு ஜாக்கெட்.

நிமிர்ந்து பார்த்தாள். கேட் வெறுமையாக இருந்தது.

திரையைப் பார்த்தாள். ஜாக்கெட்.

அடுத்த க்ளிக்குக்குக் காத்திருந்தாள். அதற்கு அடுத்ததற்கும். அவன் வந்துகொண்டிருந்தான். ஊஞ்சலைத் தாண்டினான். கம்பளக் கம்பியைத் தாண்டினான். படத்தைப் பெரிதாக்கினாள், முகத்தைத் தேடி.

முகம் இல்லை. முதுகுதான் தெரிந்தது.

ஏரிப் படங்களை எடுத்து ஒப்பிட்டாள். அதே முதுகு. சரிந்து கிடந்த அதே தொப்பி, கையுறை இல்லாத அதே இடது கை. போனபோது எப்படிப் போனானோ, அதே படங்கள் கடைசியிலிருந்து முதலுக்கு வந்துகொண்டிருந்தன. பின்னால் ஏரிக்குப் பதில் முற்றம், அது ஒன்றுதான் வித்தியாசம்.

ஜன்னலுக்கு வெளியே, புதிதாக விழுந்த பனியில், ஒரு காலடித் தடம் அமுங்கியது. பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றிலும் தண்ணீர் கறுப்பாக ஊறியது. தடங்களின் விரல்கள் கேட்டைப் பார்த்திருந்தன. குதிகால்கள் வீட்டைப் பார்த்திருந்தன. விரல் பக்கம் எதுவும் புதிதாக வரவில்லை. குதிகால் பக்கம்தான் வரிசை நீண்டது.

க்ளிக். ஜாக்கெட்டின் கழுத்துத் தையல் தெரிந்தது.

க்ளிக். ஈரத்தில் ஒட்டிய தலைமுடி.

க்ளிக். வெறும் முற்றம்.

ஜன்னலுக்கு நேர் கீழே வந்துவிட்டான். வாசலுக்குள்.

எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. இருபத்தொன்பது.

கேமராவை அணைத்துவிடலாம். விரல் பொத்தான்வரை போனது. அணைத்தால் அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவது இது ஒன்றுதான். ஸ்டாண்டோடு சேர்த்துத் தூக்கிச் சமையலறைக் கதவைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். தன்னைத்தானே படம் எடுக்கிறவன் வாங்கிய கேமரா, திரையை முன்பக்கம் மடக்க முடியும். மடக்கினாள். ஓடிப் போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தி, தாழ் போட்டு, முதுகைக் கதவில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

எதிரே திரையில் அவளே தெரிந்தாள். கதவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெண், இடுப்பில் மாவு படிந்த ஏப்ரன்.

மாடிப்படியில் சத்தம். முதலில் குதிகால். பிறகு விரல் இழுபடும் சத்தம். பிறகு சொட்டு.

க்ளிக். அவள் மட்டும்.

அடுத்தடுத்த ஆறு படங்களிலும் அவள் மட்டும். எண்ணெய் வாசம் குறைந்தது. அந்த இடத்தில் வேறொரு வாசம் வந்தது. பாசியும் இரும்பும் குளிரும் கலந்த, நீண்ட நாள் மூடிக் கிடந்த தண்ணீரின் வாசம்.

ஏப்ரன் பையில் போன் அதிர்ந்தது. ஜிப்பார்.

“புள்ள, நம்ம வீட்டுல குழாய் எதாவது உடைஞ்சிருச்சா? மாடிப்படி பூராத் தண்ணியா இருக்குன்னு கீழ் வீட்டுக்காரி கத்துறா.”

“அக்கா.” போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். “நான் பேரைச் சொன்னது தப்பாயிடுச்சுக்கா.”

“என்னன்னு சொன்ன?”

“வீட்டுக்கு வான்னு சொன்னேன்.”



“எண்ணெய் மேல நின்னுக்கிட்டா?” ஜிப்பாரின் குரல் தாழ்ந்திருந்தது. “வியாழக்கிழமை எண்ணெய் மேல நின்னுக்கிட்டு வான்னு சொன்னியா?”

க்ளிக். அவள் மட்டும்.

“அவர் உயிரோட இருக்காருன்னுதான்...”

“இங்க பாரு. கூப்பிட்டா வரும். வந்தது தனியாத் திரும்பிப் போகாது. இப்பவே சொல்லு. அவன் பேரைச் சொல்லி, போய்ச் சேரட்டும்னு சொல்லு. சத்தமாச் சொல்லு, எனக்குக் கேட்கணும். நான் ஓடி வரேன்.”

சின்ன வார்த்தைகள்தான். ஆனால் அவற்றைச் சொல்வதும் நாளைக்குப் போடும் கையெழுத்தும் ஒன்று. அவன் இறந்துவிட்டான் என்று அவள் வாயாலேயே சொல்வது.

வெளிக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நடைவழியில் சொட்டு. இன்னும் அருகே சொட்டு.

க்ளிக். அவள் மட்டும்.

“சொல்லு புள்ள.”

“குபாத்...” என்றாள்.

முதுகில் குளிர் ஏறியது. கதவு வழியாக, மரத்தின் வழியாக, அவள் வழியாக. நெஞ்சுக்குள் ஒரு வாளித் தண்ணீர் நுழைந்து மறுபக்கம் வெளியேறியது போல. போன் நழுவி விழுந்தது. தரையிலிருந்து ஜிப்பாரின் குரல் கொசு மாதிரி ரீங்கரித்தது.

க்ளிக்.

திரையில் சிவப்பு ஜாக்கெட். கேமராவுக்கும் அவளுக்கும் நடுவே. ஈர முதுகு திரையைப் பாதிக்கு மேல் மறைத்திருந்தது. அதன் தோளுக்கு மேலே அவளுடைய இரண்டு கண்கள்.

முப்பத்தொன்பது.

கேமராவுக்கு அவன் முதுகைக் காட்டுகிறான். அப்படியென்றால் முகம் அவளைப் பார்க்கிறது. இந்தக் கணத்தில். ஒரு முழத் தூரத்தில். அவளுக்கு முன்னால் வெறும் காற்று. அந்தக் காற்று குளிராக மூச்சு விட்டது.

இன்னும் ஒரு படம். அவன் திரும்பிச் சிரிக்கும் படம்.

சொல்லிவிடு. இப்போதே சொல்லிவிடு.

உதடு அசைந்தது. நின்றது. ஒரு வருடமாக அவள் கேட்டது அந்த முகம் ஒன்றைத்தான். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லலாம். பார்த்த உடனே சொல்லிவிடலாம்.

இருபது நொடி. பத்து. அணைத்திருந்த அடுப்பில் எண்ணெய் ஒரு குமிழி விட்டது.

பீப்.

“மொதப் படம் எனக்கு” என்றது ஒரு குரல், ஈரமாக.

க்ளிக்.

திரை முழுக்க முகம். குபாத். கன்னத்தில் குழி, பனி ஒட்டிய புருவம், வாய்கொள்ளாத சிரிப்பு. துளிகூட மாறாத அதே சிரிப்பு. அவள் வாய் திறந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லப் போனாள்.

சொல்லவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்துவிட்டாள்.

பின்னால் கதவு இல்லை. சமையலறை இல்லை. வெள்ளையாக, எல்லையில்லாமல், உறைந்த ஏரி. அதன் மேல் ஒரு பெண் கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். இடுப்பின் பின்னால் ஏப்ரனின் முடிச்சு.

பெர்மெத் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். முடிச்சு அங்கேதான் இருந்தது. கதவைத் தேடி முதுகைப் பின்னால் சாய்த்தாள். கதவு கிடைக்கவில்லை.

மாடிப்படியில் ஜிப்பார் மூச்சிரைக்க ஓடி வரும் சத்தம் எங்கோ வெகு தூரத்தில் கேட்டது.

முப்பது நொடி. க்ளிக்.

திரையில் குபாத் இல்லை. அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

பெர்மெத்தின் காலுக்கு அடியில், மெல்ல, நீளமாக, ஏதோ விரிசல் விட்டது.