சிவப்புக் கோடு போட்ட பெயர்

1967 மார்ச் 2, வியாழக்கிழமை. காலை 10.40.

களவு போனது ஒரு ஓட்டு. நகை நட்டு போயிருந்தால் போலீசுக்குப் போயிருப்பார்கள். ஓட்டு என்பதால் அந்தத் தலைவலி கடலூர் தாலுக்கா ஆபீசில் தேர்தல் பிரிவு குமாஸ்தா சுப்பராயலுவின் மேஜைக்கு வந்து சேர்ந்தது. புகார் எழுதிக் கொடுத்தவன் யார் என்று நினைக்கிறீர்கள்? அவருடைய பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பி பழனிவேல்.

"சொந்தத்த சொந்தமா பாருங்க மாமா, புகாரப் புகாரா பாருங்க" என்றான் பழனிவேல். முதுநகர்ப் பள்ளிக்கூட பூத்தில் ஒரு வேட்பாளருக்கு ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தவன் அவன்.

"பாக்குறேன். சொல்லு."

"ஓட்டு நாளு, போன மாசம் பதினெட்டாந்தேதி, மூணு மணி இருக்கும். ஒரு ஆளு வந்தான். கையில சிலிப் இல்ல. வரிசை நம்பர் 412, ரஹ்மத்துல்லான்னு சொல்லி ஓட்டு போட்டுட்டுப் போயிட்டான். அந்த ரஹ்மத்துல்லா பினாங்குக்குப் போயி எட்டு வருசமாச்சாம்."

"வந்தவன் அவன் இல்லைன்னு எப்படிச் சொல்ற?"

"வூட்டு நம்பரு கேட்டேன். பதினேழுங்குறான். லிஸ்ட்டுல நாப்பத்திமூணு. சொந்த வூட்டு நம்பரு தெரியாதவன் இருப்பானா? அங்கேயே ஆட்சேபணை சொல்லிட்டேன். பூத் ஆபீசரு வாத்தியாரு கேக்கல."

பழனிவேல் அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஊரை விட்டுப் போனவன் பெயரை நீக்காமல் வைத்திருந்த குமாஸ்தா யார் என்றும் புகாரின் கடைசி வரியில் கேட்டிருந்தான். அந்தக் குமாஸ்தா தன் மாமாதான் என்பது எழுதும்போது அவனுக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் அடித்துவிட மனசு வரவில்லை. சனிக்கிழமைக்குள் விளக்கம் வேண்டும் என்று தாசில்தார் ஓரத்தில் எழுதியிருந்தார்.

விளக்கம் சுப்பராயலுவுக்குத் தெரியும். எழுதத்தான் முடியாது. போன வருஷம் பட்டியல் திருத்தும்போது சிதம்பரத்திலிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது. மெகருன்னிசா, ரஹ்மத்துல்லாவின் மனைவி, குடிமாறி வந்தவர், பழைய பெயர் கடலூர் முதுநகரில், வரிசை எண் 413. ஒரு ஆளுக்கு இரண்டு ஊரில் ஓட்டு இருக்கக் கூடாது. அங்கே சேர்த்தால் இங்கே நீக்க வேண்டும். நீக்க உட்கார்ந்தபோது அந்த அம்மாவே பஸ் ஏறி வந்து நின்றாள். என் பேரை எடுத்துடுங்க, அவுங்க பேரு மட்டும் இருக்கட்டும், திரும்பி வந்தா இந்த ஊருக்குத்தான் வருவாங்க என்றாள். சட்டப்படி இரண்டையும் எடுத்திருக்க வேண்டும். சுப்பராயலு ஒன்றை மட்டும் எடுத்தார்.

காலை 11.30.

அந்த அம்மாவே மறுபடியும் வந்து நின்றாள். போன வாரம் புகார் வந்தவுடனேயே ஆபீசிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரு நோட்டீஸ் போயிருந்தது. தங்கள் கணவர் பெயரில் வாக்குப் பதிவாகியுள்ளது, அவர் இருப்பிடம் தெரிவிக்கவும் என்று. அந்த ஒரு வரியை அவள் எத்தனை தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாளோ, காகிதம் மடிப்பில் கிழிந்திருந்தது.

"வந்தது அவுங்கதானா சார்?"

"தெரியலம்மா. வேற யாராவது அவரு பேரச் சொல்லிப் போட்டிருக்கலாம். நெறைய நடக்குது."

"அவுங்க இல்லன்னா இல்லைன்னு சொல்லிடுங்க. வந்துட்டாங்கன்னா அதையும் சொல்லிடுங்க. ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சா போதும் எனக்கு. நாலு வருசமா எதுவும் தெரியாமலே எந்திரிச்சி எந்திரிச்சிப் படுக்குறேன்."

கடிதம் எப்போது நின்றது என்று கேட்டார். நாலு வருஷத்துக்கு முன்னால் என்றாள். வீட்டுச் சொந்தக்காரர் முதுநகரில் இருந்த குடித்தன வரிசையைக் காலி செய்து கயிற்றுக் கிடங்காக்கினார். எல்லோரும் மூலைக்கொருவராகப் போனார்கள். அவள் சிதம்பரத்தில் மாமா வீட்டுக்குப் போய்ப் புது விலாசம் எழுதிப் போட்டாள். அதே சமயம் பினாங்கில் அவன் வேலை பார்த்த மளிகைக் கடையை மூடிவிட்டார்கள். அவள் கடிதம் திரும்பி வந்தது. அவன் கடிதம் எங்கே திரும்பியதோ. அவனுடைய கடைசிக் கடிதத்தின் உறையை எடுத்துக் காட்டினாள். சுப்பராயலு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

பூத்தில் குறியிட்ட பட்டியல் கைக்குக் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் அது சீல் வைத்த உறைக்குள் இருக்கிறது. கோர்ட் உத்தரவு இல்லாமல் தாசில்தாரே பிரிக்க முடியாது. மிஞ்சியது மனுஷர் வாய்தான்.

பகல் 1.15. முதுநகர்ப் பள்ளிக்கூடம்.

பூத் ஆபீசராக இருந்த லூர்துசாமி வாத்தியார் டிபன் பாத்திரத்தை மூடி வைத்தார்.

"எதனால அந்த ஆள அனுமதிச்சீங்க சார்?"

"பொண்டாட்டி பேரு என்னன்னு கேட்டேன். மெகருன்னிசான்னு பட்டுன்னு சொன்னாரு. அடுத்த வரியில அதான் இருந்திச்சி."

"சிலிப் இல்லாம வந்தாரே, கேட்டீங்களா?"

"கேட்டேன். ஓட்டு போட வரல சார், எங்க பேரு இன்னும் இருக்கான்னு பாக்க வந்தேன்னாரு. இருக்குது, போட்டுட்டுப் போங்கன்னேன்."

"அப்புறம்?"

"பட்டியல எட்டிப் பாத்தாரு. பொண்டாட்டி பேரக் காட்டி, இது மேல ஏன் சிவப்புக் கோடுன்னு கேட்டாரு. கோடு போட்டா அந்த ஆளு இல்லைன்னு அர்த்தம்னேன். விரல்ல மை வச்சோம். ஓட்டுச் சீட்ட வாங்காமலே வாசலுக்குப் போயிட்டாரு. கூப்புட்டுக் குடுத்தோம்."

சுப்பராயலு எழுந்தார். நன்றி சொல்லக்கூட மறந்துவிட்டார்.

மாலை 3.30. தாலுக்கா ஆபீஸ்.

மெகருன்னிசா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பழனிவேல் தூணருகில் நின்றிருந்தான்.

"அந்த உறைய இன்னொரு தடவ குடும்மா" என்று வாங்கிப் பழனிவேலிடம் நீட்டினார் சுப்பராயலு. "விலாசத்த சத்தமாப் படி."

"மெகருன்னிசா, கதவு எண் பதினேழு..." பழனிவேல் நிறுத்திக்கொண்டான்.

"முனிசிபாலிட்டியில கதவு நம்பர மாத்துனது அறுவத்தி ரெண்டுல. பதினேழு நாப்பத்திமூணாச்சி. லிஸ்ட்டுல புது நம்பருதான் இருக்கு. கள்ள ஓட்டு போட வர்றவன் எதப் பாத்துட்டு வருவான்?"

"லிஸ்ட்டத்தான்."

"அப்ப நாப்பத்திமூணுன்னு அச்சடிச்ச மாதிரி சொல்லியிருப்பான். கையில சிலிப்பும் இருந்திருக்கும். மை வச்ச பிறகு ஓட்டுச் சீட்ட மறந்துட்டுப் போற திருடன நீ பாத்திருக்கியா? தப்பா நம்பரு சொன்னதாலதான் அவரு நெசமான ஆளு. எட்டு வருசத்துக்கு முன்னால விட்டுட்டுப் போன வூட்டு நம்பரச் சொன்னாரு."

மெகருன்னிசா துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வூடு கிடங்காயி பூட்டியிருக்கு. தெரு ஜனம் புதுசு. ஊருக்குள்ள அவரு பேரு மிச்சம் இருந்தா அந்த லிஸ்ட்டுல இருக்கும்னு வந்தாரு."

"அப்ப ஏன் சார் என்னத் தேடி வரல?" என்றாள் மெகருன்னிசா. அந்தக் கேள்விக்குத்தான் சுப்பராயலு பயந்துகொண்டிருந்தார்.

"நீ செத்துட்டன்னு நெனச்சிட்டாரும்மா. செத்தாலும் கோடுதான், குடிமாறுனாலும் அதே கோடுதான். எதுக்காகப் போட்டோம்னு ஆபீஸ் ரிஜிஸ்டர்ல எழுதுவோம். பூத்துக்குப் போற பட்டியல்ல எழுதுறதில்ல. இருவது வருச சர்வீஸ்ல ஆயிரம் கோடு போட்டிருக்கேன், ஒரு நாளும் இது தோணல. குத்தவாளி யாருன்னு கேட்டியே பழனிவேலு, நான்தான். அம்மா, உன் பேரு மேல அந்தக் கோட்ட இழுத்தது இந்தக் கைதான்."

பழனிவேல் தன் புகாரின் நகலை எடுத்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அவள் அழவில்லை. "செத்துட்டேன்னு நெனச்சா எங்க போவாங்க?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள். "பள்ளிவாசலுக்குப் போவாங்க சார். என்ன அடக்குன கபுர் எங்கன்னு கேப்பாங்க."

மாலை 5.00.

முதுநகர்ப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் அப்துல் ஹக் வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. பழைய குடும்பங்கள் அவருக்குத் தெரியாது. சுப்பராயலு கேட்டதற்குச் சொன்னார்.

"வந்தாரு. மெகருன்னிசா எப்ப மவுத்தானாங்கன்னு கேட்டாரு. அந்தப் பேருல அறுவத்தி மூணுல ஒருத்தரு புஸ்தகத்துல இருந்தாங்க. அந்தக் கபுரக் காட்டுனேன். சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்ற வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தாரு. போன வெள்ளிக்கிழமையும் வந்து குர்ஆன்லேருந்து யாசீன் ஓதுனாரு. துறைமுகத்துப் பக்கம் எங்கயோ தங்கியிருக்காராம். நாளைக்கும் வருவாரு."

மார்ச் 3, வெள்ளிக்கிழமை. பகல் 1.50.

ஜும்ஆ தொழுகை முடிந்து கூட்டம் கலைந்தது. கபரஸ்தான் என்கிற அடக்கத்தலத்துக்குள் பெண்கள் போகும் வழக்கமில்லை. மெகருன்னிசா இடுப்புயரச் சுவருக்கு வெளியே நின்றாள். நாலெட்டு தள்ளி வேப்ப மர நிழலில் சுப்பராயலு, குடையை மடக்கிப் பிடித்தபடி நின்றார்.

நரை விழுந்த ஒரு மனிதன் உள்ளே போய் ஒரு கபுரின் தலைமாட்டு மீசான் கல்லருகே குந்தி உட்கார்ந்தான். கையேந்தினான். இடது சுட்டுவிரல் நகத்தில் தேர்தல் மை கறுப்பாக இருந்தது. முணுமுணுப்புக்கு நடுவே மெகருன்னிசா என்ற பெயர் சுவரைத் தாண்டிக் கேட்டது. எட்டு வருஷமாக அந்தக் குரலில் அவள் பெயரைக் கேட்டதில்லை. ஓதி முடிக்கட்டும் என்று பொறுத்திருந்தாள்.

பிறகு சொன்னாள், "ஏங்க, அது யாரோ. நா இங்கன நிக்கிறேன்."

அவன் திரும்பினான். கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"கோடு போட்டிருந்திச்சே" என்றான்.

"வூடு மாறுனாலும் கோடு போடுவாங்களாம்."

அதற்கு மேல் கேட்பது முறையில்லை என்று சுப்பராயலு நடையைக் கட்டினார்.

மார்ச் 4, சனிக்கிழமை. காலை 10.05.

ஓட்டு களவு போகவில்லை, உரியவரே வந்து போட்டார், பெயரை நீக்காதது என் தவறு என்று தாசில்தாருக்கு மூன்று வரியில் விளக்கம் போனது. பதினோரு மணிக்கு இருவரும் வந்தார்கள். சிதம்பரத்தில் பெயர் சேர்க்க ரஹ்மத்துல்லா விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

அவர்கள் போனபின் சுப்பராயலு, அடுத்த தடவை பூத்துக்குப் போகிற பட்டியலை விரித்தார். 412-இன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். சட்டப்படி வேலை அதோடு முடிந்தது. ஆனால் பேனாவை மூடவில்லை. ஓரத்தில் இருந்த கொஞ்ச இடத்தில், 412-க்கும் 413-க்கும் சேர்த்து ஒரு அடைப்பு போட்டு, யார் எட்டிப் பார்த்தாலும் தெரிகிற மாதிரி பெரிதாக எழுதினார்: "இருவரும் உயிருடன். சிதம்பரம்."