சூடானால்தான் தெரியும்

"மாமா... போனை எடு மாமா! மாமா... போனை எடு மாமா!"

லாரியின் பூட்டிய பின்பெட்டிக்குள்ளிருந்து ஒரு குழந்தை கத்தியது.

என்ஜினுக்கு அடியில் மல்லாந்து கிடந்த பெண் மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அது அவள் மகளின் குரல்!

மூன்று வயதில் மகள் கத்தியதைப் பதிவு செய்து, அதையே போன் மணியாக வைத்துக்கொண்டவன் உலகத்தில் ஒருத்தன்தான். அவள் தம்பி. லாரி டிரைவர்.

அப்படியானால்... இது தம்பியின் லாரி!

நம்பர் பலகையில் சேறு அப்பியிருந்தது. முகப்புப் பலகையைப் பெயர்த்திருந்தார்கள். இந்த மாதிரி பழைய பச்சை லாரிகள் ரோட்டுக்குப் பத்து ஓடுகின்றன. தண்ணீர் ஒழுகுகிறது என்று ஒரு தொப்பிக்காரன் கொண்டுவந்து நிறுத்தினான். அவளும் ஏதோ ஒரு வண்டி என்றுதான் அடியில் புகுந்திருந்தாள்.

குரல் நின்றது.

தொம்... தொம்... பெட்டிக்குள் யாரோ பலகையை உதைத்தார்கள்.

"அண்ணே... உள்ள யாரு?"

ஷெட்டின் ஷட்டர் இறங்கும் சத்தம்தான் வந்தது. கர்ர்ர்... தடார்! பூட்டு விழுந்தது. சாவி தொப்பிக்காரனின் சட்டைப் பைக்குள் போனது.

அவன் குனிந்தான். அவன் முகத்துக்கு முன்னால் துப்பாக்கியின் வாய் தெரிந்தது.

"கேட்டுட்டே இல்ல? இனிமே ஒளிச்சு என்ன ஆகப்போகுது! உள்ள இருக்கிறவன் இந்த வண்டி டிரைவர். தண்ணி ஊத்த ஓரமா நிறுத்தினான். அப்படியே அமுக்கிட்டேன். முழுக்கச் செம்புக் கம்பி லோடு!"

"உ... உயிரோட இருக்காரா?"

"இப்போதைக்கு! இருட்டுறதுக்குள்ள நான் எல்லையைத் தாண்டணும். வண்டி ஓடலைன்னா அவனும் இல்ல, நீயும் இல்ல."

வண்டி ஓடினால் மட்டும்?

முகத்தைப் பார்த்த இரண்டு பேரை வாழ்த்திவிட்டுப் போக இவன் என்ன மாமனா, மச்சானா? சரி செய்தாலும் சாவு. செய்யாவிட்டாலும் சாவு. விடுமுறை நாள் வேறு. பக்கத்துக் கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. தொண்டை கிழியக் கத்தினாலும் ஏன் என்று கேட்க நாதியில்லை.

'என் தம்பிடா!' என்று அலற வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். தெரிந்தால் அதையே பிடித்துக்கொண்டு ஆட்டுவான்.

"என்ன யோசனை? இதோ, இங்கதானே சொட்டுது! அடைச்சு விடு!"

"சொட்டுற இடம் வேற, ஒழுகுற இடம் வேறண்ணே. மேல எங்கயோ கசிஞ்சு, ஓடி வந்து இங்க சொட்டுது. மேலதான் தேடணும்."

"தேடு! ஒரு சொட்டு கீழே விழுந்தாலும் தொலைச்சிடுவேன்!"

வெளியே வந்தாள். முன்மூடியைத் தூக்கினாள். என்ஜினைத் துணியால் ஈரமில்லாமல் துடைத்தாள். ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டிக் காற்றடித்தாள். பம்பிலிருந்த அழுத்த முள் ஏறியது... மெல்ல மெல்ல இறங்கியது. எங்கோ கசிகிறது.

அடிப்பைப்பை இறுக்கும் கிளாம்ப் ஓரத்தில் ரேடியேட்டர் தண்ணீர் பச்சை முத்தாகத் திரண்டது.

"பைப் முனையில கீறல் விட்டிருக்கு. அதை வெட்டிட்டு வேற கிளாம்ப் போட்டா நின்னுடும்."

"போடு! சீக்கிரம்!"

வெட்டினாள். மாட்டினாள். பெட்டிக்குள் மறுபடி ஒரு 'தொம்'. இந்த முறை பலமே இல்லை.

ஐயோ தம்பி... கொஞ்சம் பொறுடா!

நிமிர்ந்தவளின் கண்ணில் அது பட்டது. குளிருக்குக் கேபினைச் சூடாக்கும் ஹீட்டருக்குப் போக வேண்டிய சுடுதண்ணீர்ப் பைப் கேபினுக்குள் போகவே இல்லை. என்ஜின் பக்கமே வளைந்து திரும்பி வந்திருந்தது.

"சே! எந்த மடச் சாம்பிராணி இப்படிக் கட்டி வெச்சது?"

அந்த மடச் சாம்பிராணி அவளேதான். போன குளிர்காலத்தில் அவள் கையால் தற்காலிகமாகக் கட்டியது. ஒழுங்காகச் செய்து தரச் சொல்லித் தம்பி கேட்டுக்கொண்டே இருந்த வேலை. அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த வேலை.

"என்னது?" தொப்பிக்காரன் எட்டிப் பார்த்தான்.

"ஹீட்டர் பைப்பைக் கண்டபடி வளைச்சு விட்டிருக்காங்க. இப்படியே போனா காத்து அடைச்சு நடுரோட்டுல கொதிக்கும். முறையாக் குடுத்துடவா?"

"எங்கிட்டயே வேலை காட்டுறியா?"

"மாட்டின பிறகு நீங்களே பம்ப் அடிச்சுப் பாருங்கண்ணே. முள் இறங்கினா என்னைச் சுடுங்க!"

மாட்டினாள். அவனே பம்ப் அடித்தான்.

முள் ஏறியது. நின்றது. அசையவே இல்லை!

"பரவாயில்லையே... கைவசம் தொழில் இருக்கு!" என்று இளித்தான்.

"இன்னும் முடியலண்ணே. தண்ணி ஊத்தி, என்ஜினைச் சூடாக்கணும். நல்லாச் சூடு ஏறினதும் ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கிற சிவப்புக் கைப்பிடியைத் திறக்கணும். அப்பத்தான் உள்ள மாட்டின காத்து வெளியே போகும். சாவியைக் குடுங்க... நான் ஏறுறேன்!"

கையை அவசரமாக நீட்டினாள். வேண்டுமென்றேதான்!

அவன் கண்கள் சுருங்கின.

"அம்மா தாயே! உன் கையில சாவியைக் குடுத்துட்டு, நீ ஷட்டரை இடிச்சுக்கிட்டு ஓடுறதை நான் வேடிக்கை பார்க்கணுமா? நான் ஏறுறேன். நீ கதவுப் பக்கமா என் கண்ணுல படுற மாதிரி நின்னு, ஒழுகுதான்னு பாரு!"

"உங்க இஷ்டம்ணே."

ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினாள். அவன் ஏறிச் சாவியைத் திருக, என்ஜின் உறுமியது. மூடிய ஷெட்டுக்குள் புகை கண்ணைக் கரித்தது. அவன் ஒரு கையில் துப்பாக்கி, கால் ஆக்ஸிலரேட்டரில்.

"சூடு ஏறிடுச்சு! திறக்கவா?"

அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"முழுசாத் திறங்கண்ணே!"

திறந்தான்.

புஸ்ஸ்ஸ்ஸ்!

"ஆஆஆஆ!"

ஸ்டீரிங்குக்கு அடியில் இருந்த ஹீட்டர் வெடித்தது. எப்போதோ துருப்பிடித்து இற்றுப்போன ஹீட்டர் அது! தண்ணீர் அதற்குள் போகக் கூடாது என்றுதான் அன்று பைப்பை வளைத்து விட்டிருந்தாள். சிவப்புக் கைப்பிடி மூடியிருந்த வரைக்கும் காற்றோ தண்ணீரோ அங்கே எட்டவில்லை. அதனால்தான் முள்ளும் அசையவில்லை. இப்போது கொதிக்கக் கொதிக்க அவன் இரண்டு கால்களிலும் கொட்டியது. கேபின் முழுக்க ஆவி!

கதவைத் தள்ளிக்கொண்டு தலைகுப்புற விழுந்தான். துப்பாக்கிக் கை தரையில் பட்ட நொடியில் அவள் ஓங்கிய சக்கர ஸ்பேனர் அதன்மேல் இறங்கியது.

ணங்!

துப்பாக்கியை ஷெட்டின் வேலைப் பள்ளத்துக்குள் எத்தினாள். இழுவைக் கயிற்றால் அவனை என்ஜின் தூக்கும் கம்பத்தோடு சேர்த்துக் கட்டினாள். சட்டைப் பையிலிருந்த சாவிகளைப் பிடுங்கினாள். என்ஜினை நிறுத்தினாள். ஷட்டரைத் தூக்கினாள். வெளிச்சமும் காற்றும் உள்ளே வந்தன.

பின்பெட்டியைத் திறந்தபோது கம்பிச் சுருள்களுக்கு நடுவே தம்பி கிடந்தான். நெற்றியில் உறைந்த ரத்தம். வாயில் துணி. கண்கள் மட்டும் உயிரோடு விழித்துக்கொண்டிருந்தன.

துணியைப் பிடுங்கியவள் அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"உன்னைத் தொலைச்சிட்டேனோன்னு நினைச்சேன்டா..."

"அழாதக்கா... அங்க யாரு ஊளை விடுறது?"

"அவன்தான். உன் ஹீட்டர் அவன் காலைப் பொசுக்கிடுச்சு."

தம்பி எட்டிப் பார்த்தான். ஆவி இன்னும் அடங்கவில்லை.

"மன்னிச்சிடுடா. ஊருக்கெல்லாம் உடனே பண்ணிக் குடுக்குறேன். நீ கேட்டா மட்டும் 'அடுத்த வாரம், அடுத்த வாரம்'னு இழுத்தடிச்சேன். நாளைக்கே அந்த ஹீட்டரை மாத்திடுறேன்."

"எதுக்குக்கா?" என்றான் தம்பி, வலியோடு சிரித்தபடி. "நல்லாத்தானே சூடு குடுக்குது!"