முதல் மடக்கு

அகோசுவும் அவன் மனைவி சேனாமியும் உய்தா என்ற ஊரில், செத்துப்போன அவனுடைய அத்தையின் வீட்டுக்கு வந்து இறங்கியபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அப்லாவா சுரைக்குடுக்கையில் தண்ணீர் கொண்டுவந்தாள். முதலில் தான் ஒரு மடக்கு குடித்துவிட்டுத்தான் நீட்டினாள். கொடுப்பவர் குடித்துக் காட்டாத தண்ணீரை அந்த ஊரில் யாரும் தொடமாட்டார்கள்.

“உங்க அத்தை வளர்த்த பாம்பும் அப்படித்தான்,” என்று சிரித்தாள். “அவ ஒரு வாய் குடிச்சாத்தான் கிண்ணத்துல வாய் வைக்கும். பெரிய மனுஷன்!”

உள்ளறை மூலையில் மலைப்பாம்பு சுருண்டு கிடந்தது. மலைப்பாம்பு அந்த ஊருக்குச் சாமி. ஊர்ப் பாம்புக் கோயிலில் கொண்டுபோய் விட்டும் திரும்பி வந்துவிட்டதாம். அது இருக்கும்வரை எந்தக் கொத்தனாரும் சுவரை இடிக்க வரமாட்டான். அகோசுவுக்கோ அந்த இடத்தில் விடுதி கட்டியாக வேண்டும். பாம்பை அடித்தால் ஊர் அவனை அடிக்கும்.

யாருக்கும் தெரியாமல், பருத்திக்கு அடிக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து பாம்பின் முன் வைத்தான். தாகம் எடுத்தால் தானே குடிக்கும் என்று நினைத்தான். சேனாமியிடமும் சொல்லவில்லை. அவளுக்கு வாய் நிற்காது.

மறுநாளும் தண்ணீர் அப்படியே இருந்தது. தோல் சுருங்கிப்போன பாம்பு, கிண்ணத்தின் விளிம்பில் தாடையை வைத்து அவனையே பார்த்தது.

“தொண்டை காயுதா, பெரியவரே? குடிங்களேன்.”

அவன் முதுகுக்குப் பின்னால் யாரோ தண்ணீரை உறிஞ்சினார்கள்.

திரும்பினான். யாருமில்லை. ஈரமண் வாசனை மட்டும்.

கொத்தனாரைப் பார்த்துவிட்டு அவன் வீடு திரும்பியபோது, சேனாமி பாம்பின் அருகே கிண்ணத்தோடு உட்கார்ந்து உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரே கசப்பு. நான் குடிச்சுக் காட்டியும் துரை மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு.”

“உன்னை யாருடி குடிக்கச் சொன்னது?”

“அந்தக் கிழவிதான். இங்க நின்னாங்களே, இடது கண்ணுல பூ விழுந்தவங்க. ‘வீட்டுக்காரி நீதானே, நீ குடி’ன்னாங்க.”

அத்தைக்கு இடது கண்ணில்தான் பூ விழுந்திருந்தது.

சேனாமி அத்தையைப் பார்த்ததே இல்லை.

“தண்ணி குடுங்க,” என்றாள் அவள். உதட்டோரம் நுரை தள்ளியது.

அவளைப் புதைத்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது அகோசுவின் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காய்ந்து கிடந்த குடுக்கையை எடுத்துப் பானையில் மொண்டான். வாயருகே கொண்டுபோனதும் மருந்து வாடை அடித்தது. கொட்டிவிட்டு வேறு குவளையில் குழாய்த் தண்ணீரைப் பிடித்தான். அதிலும் அதே வாடை. குவளை விளிம்பில் ஓரிடம் மட்டும் ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது.

யாரோ அவனுக்காக முதல் மடக்கைக் குடித்துக் காட்டியிருந்தார்கள்.

மூலையில் பாம்பு தலையைத் தூக்கி, அவன் குடிப்பதற்காகக் காத்திருந்தது.