எள் இறைத்த படம்

காலை 11.20. மலையுச்சி ஆய்வுக்கூடத்தின் இரும்புத் தரையில் பேராசிரியர் குரமித்சு குப்புறக் கிடந்தார். பின்மண்டை இருந்த இடத்தில் கூழ்தான் மிச்சம். பக்கத்தில் தொலைநோக்கியைச் சமன்செய்யும் எட்டுக் கிலோ ஈயக்கட்டி, முடி ஒட்டியபடி. அடித்தவன் ஒன்றோடு நிறுத்தவில்லை.

12.10. சாப்பாட்டுக்கூடம். இன்ஸ்பெக்டர் ஹதகெதா, உடலை முதலில் பார்த்த ஆராய்ச்சி மாணவி ஷியோரிக்கு விலங்கு மாட்டினார்.

"ராத்திரி மூணு மணிக்குச் செத்திருக்காரு. அங்க டூட்டி நீங்க ரெண்டு பேர்தான். சட்டையில ரத்தம்."

"தலைவலி சார், ரெண்டு மணிக்கே போய்ப் படுத்துட்டேன். காலைல தூக்கிப் பாத்தேன், அதான் ரத்தம்."

சமையல்காரி தொமோயே நான்காவது முறையாக சூப் ஊற்ற வந்தாள். யாருக்கும் சூப் தேவைப்படவில்லை. அவளுக்குச் செய்தி தேவைப்பட்டது.

முந்தைய இரவுச் சாப்பாட்டில் நடந்ததை அவள் ஒரு பருக்கை சிந்தாமல் கேட்டிருந்தாள். வெடித்துச் சிதறவேண்டிய ஒரு நட்சத்திரம் நமுத்த பட்டாசாக மங்கலாய் வெடித்திருந்தது. உள்ளே மிச்சம் பிழைத்திருக்கிறது என்பது ஷியோரியின் கட்சி. மிச்சமே இருக்காது என்று பத்து வருடமாய் எழுதிவந்தவர் துணைப்பேராசிரியர் ஓனோதெரா. "பொண்ணு சொல்றதுதான் சரி, உன் கட்டுரைய நாளைக்கே வாபஸ் வாங்குறோம்" என்றார் குரமித்சு. ஓனோதெராவின் கையில் ஒடிந்த சாப்பாட்டுக் குச்சியைத் தொமோயேதான் பெருக்கினாள்.

"நீங்க எங்க இருந்தீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர், ஓனோதெராவிடம்.

ஓனோதெரா ஒரு படத்தை நீட்டினார். "கீழ்த் தொலைநோக்கிக் கூடத்துல, அதே நட்சத்திரத்தப் படம் எடுத்துக்கிட்டு. மணி 3.05. நேத்தயவிட மங்கியிருக்கு பாருங்க."

சுவரில் முந்தைய நாள் படம் குத்தியிருந்தது. தினம் ஒன்று குத்துவது அங்கே வழக்கம். தொமோயே இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார், இந்த வெள்ளைப் புள்ளிங்க?"

"அண்டக்கதிர். விண்வெளியிலேருந்து வந்து கேமராவுல மழத்துளி மாதிரி எங்கயாவது விழும். அதையெல்லாம் யாரு பாக்குறா?"

"நான் பாக்குறேனே. தினமும் சோத்து உருண்டையில எள்ளு தூவுறவ நான். ஒரு உருண்ட மாதிரி இன்னொண்ணு விழுந்ததேயில்ல. இங்க ரெண்டு படத்துலயும் ஒரே எடத்துல ஒரே எள்ளு."

விலங்கோடு ஷியோரி எட்டிப்பார்த்தாள். "நேத்துப் படம்தான் சார் இது! நட்சத்திரத்த மட்டும் மங்கலாக்கி, தேதிய மாத்திருக்காரு. அளக்கும்போது புள்ளிய எப்பவும் கம்ப்யூட்டரே அழிச்சுடும், சுவத்துல குத்துறதுதான் அழிக்காத படம். அதனால நாங்க அதக் கவனிக்கிறதேயில்ல."

ஓனோதெரா மேசையைக் கவிழ்த்துப் பாய்ந்தார். இரு கைகளும் ஷியோரியின் கழுத்தை நெரித்தன. அவள் கண்கள் பிதுங்கின.

தொமோயே கையிலிருந்த சூப்புச் சட்டியை அப்படியே அவர் முகத்தில் கவிழ்த்தாள். தோல் வெந்து உரிய அலறியவரின் தாடையை இன்ஸ்பெக்டரின் முழங்கால் உடைத்தது.

12.40. விலங்கு கை மாறியது.

"பொழச்சுக்கிட்டியாடி?" என்றாள் தொமோயே.

ஷியோரி கன்றிய கழுத்தைத் தடவினாள். "மிச்சம் இருக்கேன்க்கா."