உங்க உசுருல ஒண்ணு

அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாங்க கண்ணுகளா. பாதிக் கதையில் எழுந்து ஓடினால் எனக்கு மனசு பொறுக்காது. வந்தாச்சா? இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. ஒரே ஒரு வார்த்தையால் வீட்டை விட்டுப் போன ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். அவள் சொன்னது கெட்ட வார்த்தையும் இல்லை, பொய்யும் இல்லை. சந்தோஷத்தில் சொன்ன வார்த்தை.

அரியலூரில் ரயிலடிக்குத் தெற்கே ஒரு ஓட்டு வீடு. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், கார்த்திகை மாசம். தூறல் விடாத ஒரு காலையில் அந்த வீட்டின் உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து டிவியில் வீடியோ கேம் ஓடும் சத்தம், டிங்கு டிங்கென்று. நடுநடுவே மலர்க்கொடியின் சிரிப்பு.

வெளியே கூடத்தில் அவளுடைய மாமியார் அமிர்தவல்லி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீரையை ஆய்ந்தாளா, பிய்த்தாளா என்று சொல்ல முடியாது. அத்தனை ஆத்திரம். மூன்று மாசமாக இதே கூத்து. காலையில் மருமகள் பலகாரம் எடுத்துக்கொண்டு உள்ளே போனால் கதவு சாத்தப்படும். ஒன்பது மணி வரை புருஷனும் பெண்டாட்டியும் விளையாட்டுப் பெட்டியோடு. மதியமும் அப்படியே. அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்ட மகள் மணிமொழி வரும்போதெல்லாம், அண்ணி புண்ணியத்தில் அண்ணன் மறுபடி ஒண்ணாங் கிளாஸ் சேர்ந்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவாள். அந்தப் பெட்டியே மணிமொழியுடையதுதான். குவைத்திலிருந்து அவள் புருஷன் மகனுக்கு வாங்கி அனுப்பியது. படிப்பைக் கெடுக்கிறதென்று அம்மா வீட்டுப் பரணில் கொண்டுவந்து போட்டிருந்தாள்.

அமிர்தவல்லிக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மகன் வீரமணி சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பொக்லைன் ஓட்டுகிறவன். ஆவணியில் வண்டியை நிறுத்திவிட்டு அடியில் கிரீஸ் போடும்போது கல் சரிந்து வலது முழங்கை முறிந்தது. திருச்சியில் கட்டுப் போட்டார்கள், கட்டும் பிரித்தாயிற்று, எலும்பு கூடிவிட்டது. பிறகும் அவன் வேலைக்குப் போகவில்லையென்றால், பிடித்து வைத்திருக்கிறவள் யார்?

அவளுக்குத் தெரியாததை நான் சொல்கிறேன். எலும்பு கூடியது நிஜம். ஆனால் நரம்பு அடிபட்டு, வீரமணியின் வலது கை விரல்கள் செத்துக் கிடந்தன. சட்டைப் பொத்தான் போட முடியாது. சோற்றைப் பிசைய முடியாது. கதவைச் சாத்திக்கொண்டு மலர்க்கொடிதான் அவனுக்கு ஊட்டினாள்.

ஏன் இந்த ஒளிவு என்று கேட்பீர்கள். வீரமணியின் அப்பா பக்கவாதத்தில் ஐந்து வருஷம் படுத்துக் கிடந்தார். அமிர்தவல்லி ஒருத்தியாக ஐந்து வருஷமும் மூன்று வேளையும் ஊட்டினாள். அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டுபோன அன்றைக்கு அவள் வாசலில் விழுந்து, இனி ஒருத்தருக்குச் சோறு ஊட்டுகிற தெம்பு என் நெஞ்சுல இல்ல சாமி என்று அழுதது மகனுக்கு மறக்கவேயில்லை. அதனால் ஆஸ்பத்திரியிலேயே மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். கை தேறும் வரை அம்மாவுக்குத் தெரியக்கூடாது. தேறாவிட்டால்… அதை அவன் சொல்லவில்லை.

விரல்களை அசைத்துக்கொண்டே இருந்தால்தான் நரம்பு விழிக்கும் என்று டாக்டர் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார். இரண்டு நாள் அமுக்கிப் பார்த்தான் வீரமணி. மூன்றாம் நாள் சுவரில் வீசி அடித்துவிட்டு முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டான். அன்றைக்குப் பரணில் மிளகாய்ச் சாக்கு எடுக்க ஏறிய மலர்க்கொடியின் கையில் அந்தப் பெட்டி தட்டுப்பட்டது. மனுஷன் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாரே, கொஞ்சம் சிரிக்கட்டும் என்றுதான் மாட்டினாள். வேறு எண்ணம் எதுவும் அவளுக்கு இல்லை.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, திரையில் ஓடுகிற குட்டி மனுஷன் பள்ளத்தில் விழப் போனபோது, வீரமணியின் கட்டைவிரல் பொத்தானை ஒரு நெல்லளவு அமுக்கியது. குட்டி மனுஷன் தாண்டிவிட்டான். வீரமணி அதைக் கவனிக்கக்கூட இல்லை. மலர்க்கொடி பார்த்தாள். எழுந்து முகத்தைச் சேலையில் துடைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் தினசரி ஆட்டம்.

அந்த ஆட்டத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஓட வேண்டும். ஆளுக்கு மூன்று முறை விழலாம். திரையின் மூலையில் சின்னச் சின்னத் தலையாகக் காட்டும். பையன்கள் அதை ‘லைப்’ என்பார்கள். மலர்க்கொடிக்கு அது உசுரு. ஒருவருக்கு மூன்றும் தீர்ந்துவிட்டால், பொத்தானை அமுக்கி அடுத்தவர் உசுருல ஒண்ணை எடுத்துக்கொள்ளலாம். மூன்று மாசமும் வீரமணிதான் முதலில் தீர்ந்துபோவான். அவள் தன்னுடையதைக் கொடுப்பாள். கொடுத்துக் கொடுத்து இருவரும் சேர்ந்து தோற்பார்கள்.

இந்தக் கார்த்திகைக் காலையில்தான், முதல் முறையாக, அவளுடைய மூன்றும் போயின. அவனுக்கு மூன்றும் அப்படியே இருந்தன. விரல்கள் அத்தனை வேகமாக ஓடியிருக்கின்றன. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அதே நேரத்தில், மகனுக்குக் காப்பி டம்ளரோடு கதவருகே வந்து நின்றாள் அமிர்தவல்லி. உள்ளே மருமகளின் குரல், சிரித்தபடி:

“உங்க உசுரத்தான் எடுக்கப்போறேன், பேசாம இருங்க. மூணுல ரெண்டு எனக்கு. ஒத்த உசுர வச்சிக்கிட்டு நீங்க எப்புடிப் பொழைக்கிறீங்கன்னு பாக்குறேன். அதுவும் போயிட்டா வேலை முடிஞ்சிது, நான் போயி ஒல வைக்கிறேன்.”

மகனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு விளையாடினான் பாவி, எப்படிப் பேசுவான். காப்பி டம்ளரை அப்படியே தரையில் வைத்துவிட்டாள் அமிர்தவல்லி. கட்டின புருஷனிடம், அடிபட்டு எழுந்தவனிடம் பேசுகிற பேச்சா இது!

மகன் வெளியே கிளம்பட்டும் என்று இருந்தாள். சுரங்க ஆபீசில் வரச் சொல்லியிருந்ததால் வீரமணி ஒன்பதரைக்கு முழுக்கைச் சட்டை போட்டுக் கிளம்பினான். அவன் தலை மறைந்ததும் முக்குக் கடைக்குப் போய், குரும்பலூரில் மலர்க்கொடியின் அண்ணன் தங்கராசுவுக்குப் போன் போடச் சொன்னாள். வந்து உன் தங்கச்சியை அழைச்சிக்கிட்டுப் போ என்று ஒரே பேச்சு. பிறகு மகளுக்கும் ஆள் அனுப்பினாள்.

பன்னிரண்டு மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. தங்கராசு நனைந்த குடையை மடக்கத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மணிமொழி தூணோரம். அமிர்தவல்லி மருமகளை நிமிர்ந்து பார்த்தாள்.

“புருஷன் உசுர எடுக்குறேன்னு சொன்னியா, சொல்லலியா?”

மலர்க்கொடிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டாள். அதுதான் அவள் செய்த ஒரே தப்பு. “சொன்னேன் அத்தை. ஆனா அது ஆட்டத்துல…” என்றாள்.

அதற்குமேல் அவளைப் பேச விடவில்லை. விளையாட்டில் யாராவது உசுரை வைப்பார்களா என்றாள் மணிமொழி. தன் மகன் அந்தப் பெட்டியால்தான் கணக்கில் பதினெட்டு மார்க் வாங்கினானாம், பெரியவர்களுமா இப்படிச் சீரழிய வேண்டும் என்றாள். தங்கராசு தலையில் அடித்துக்கொண்டு, வாழப்போன இடத்தில் பொம்மையை வைத்துக்கொண்டா குடித்தனம் நடத்துவாய் என்று கேட்டான். எல்லாவற்றுக்கும் மேலாக மாமியார் ஒன்று கேட்டாள்.

“கையி நல்லாயிட்டுதுங்கிறான். பொறவு ஏன் அவன் வேலைக்குப் போவல? நீ பதில் சொல்லு மலரு. ஒன்னையத் தவர யாருக்குத் தெரியும்?”

பதில் மலர்க்கொடியின் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே வழக்கு முடிந்திருக்கும். அவள் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். ஐந்து வருஷம் ஊட்டிய கைகள் மடியில் கிடந்தன. வாயை மூடிக்கொண்டாள்.

“நாந்தான் அத்தை வெளையாடச் சொன்னேன். என் மேலதான் தப்பு,” என்றாள். “போலாம்ணே.”

இரண்டு சேலையை ஒயர்கூடையில் வைத்தாள். வாசல்படி இறங்கும்போது மட்டும் திரும்பி, மதியத்துக்குச் சோறு வேண்டாம், இட்லி மூடி வைத்திருக்கிறேன், அதையே கொடுங்கள் என்று சொன்னாள். இட்லியென்றால் அவன் துண்டாக எடுத்துக்கொள்வான், காட்டிக்கொடுக்காது என்ற நினைப்பு. ஆனால் அமிர்தவல்லிக்கு அந்தப் பேச்சும் சுட்டது. என் பிள்ளைக்கு என்ன போட வேண்டும் என்று இவள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? உடனே உலை வைத்தாள். அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள், முருங்கைக்காய் போட்டு.

இரண்டு மணிக்கு வீரமணி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. மலரு, மலரு என்று கூப்பிட்டபடி வந்தான். அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள், நீ உட்கார்ந்து சாப்பிடு என்றாள் அம்மா. இலையைப் போட்டு, சோற்றை வைத்து, குழம்பை ஊற்றி, எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மூன்று மாசமாக மகன் தன் முன்னால் உட்கார்ந்து சாப்பிடவில்லை என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது.

வீரமணி இலையைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். வேறு வழியில்லை. சோற்றில் கை வைத்தான்.

கட்டைவிரலும் பக்கத்து விரலும் பிசைந்தன. மற்ற விரல்கள் பாதி மடங்கி, பின்னாலேயே தயங்கித் தயங்கி வந்தன. ஒரு கவளம் திரண்டது. தூக்கும்போது பாதி இலையில் உதிர்ந்தது. மீதி வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. மூன்று மாசத்தில் அவன் கையாலேயே அவன் உண்ட முதல் வாய்.

அந்த மாதிரிக் கை எப்படியிருக்கும் என்று அமிர்தவல்லிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்து வருஷம் பார்த்தவள்.

“எத்தினி நாளா?” என்றாள்.

“ஆவணியிலேர்ந்தும்மா. அப்ப சுத்தமா வராது. இப்ப எவ்வளவோ தேவல.”

“அப்ப ஒனக்கு யாரு…”

கேட்டு முடிக்கவில்லை. முடிக்க வேண்டியும் இருக்கவில்லை. சாத்திய கதவும், உள்ளே போன பலகாரத் தட்டும், எல்லாம் அவள் கண்முன்னே வந்து நின்றன. வீரமணி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். சத்தியம் வாங்கியதை, பந்தை வீசியதை, ஆட்டத்தில் உசுரு கொடுத்து வாங்குவதை. சுரங்கத்தில் பொங்கல் கழிந்து வரச் சொல்லிவிட்டார்கள், முதலில் லாரி எடைபோடும் மேடையில் போடுவார்களாம், பிறகு வண்டியாம். அதை மலரிடம் சொல்லத்தான் ஓடி வந்தானாம்.

அமிர்தவல்லி இலையை எடுக்கவில்லை, பாத்திரத்தை மூடவில்லை. எழுந்து செருப்பைப் போட்டாள். காலையில் நடந்ததைச் சொல்லிக்கொண்டே மகனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பெரம்பலூர் வந்து பஸ் மாறி, குரும்பலூரில் இறங்கும்போது விளக்கு வைக்கும் நேரம். தங்கராசு வீட்டு வாசலில் தூறலிலேயே நின்றாள். மகன் உள்ளே போகச் சொல்லியும் போகவில்லை. மலர்க்கொடி ஓடிவந்து, நனையாதீங்க அத்தை என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

“இரு புள்ள. நான் அஞ்சு வருசம் ஊட்டுனேன். தெருவே பாத்து என்னையக் கையெடுத்துக் கும்புட்டுது. நீ மூணு மாசம் கதவ சாத்திக்கிட்டு ஊட்டியிருக்க. ஒனக்குக் கெடைச்சது என் வாயிலேர்ந்து வந்த பேச்சுதான்… என்னைய மன்னிச்சிடுன்னு கேக்கக்கூட எனக்கு மூஞ்சி இல்ல.”

மலர்க்கொடி மாமியாரின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுத அழுகைக்கு மழையே கொஞ்சம் ஒதுங்கி நின்றது. தங்கராசு துண்டை எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனவன் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. அந்தப் பொட்டியாலயா கை வந்தது என்று மச்சானைக் கேட்டான்.

“பந்த அமுக்கும்போதெல்லாம் கை செத்துப்போச்சேங்குற நெனப்புதான் மாப்ள. ஆட்டத்துல எனக்குக் கையே மறந்துபோவும். மறந்தப்பத்தான் அது அசைஞ்சிது,” என்றான் வீரமணி.

கிளம்பும்போது மலர்க்கொடி ஒன்று சொன்னாள். குரல் தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் அவள் அப்படிப் பேசி மாமியார் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

“வரேன் அத்தை. ஆனா இனிமே கதவ சாத்திக்கிட்டு வெளையாட மாட்டேன். டிவி கூடத்துக்கு வரணும்.”

மறுநாளே வந்தது. மணிமொழி வந்து பார்த்து, அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். போகும்போது, பெட்டி இங்கேயே இருக்கட்டும் அண்ணி என்றாள். அமிர்தவல்லி கடைசி வரை அதை வெட்டி வேலை என்றுதான் சொன்னாள். ஆனால் ஆட்டம் ஆரம்பித்தால் உரலோ முறமோ போட்டது போட்டபடி கிடக்க, டிவி முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவாள். “தாவுடா, தாவு, பள்ளம் வருது பாரு,” என்று தெருமுனை வரை அவள் சத்தம் கேட்கும். பொங்கல் கழிந்து மகன் வேலைக்குக் கிளம்பியபோது, சட்டைப் பொத்தானை அவனே போட்டுக்கொள்வதை மாமியாரும் மருமகளும் கதவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியுமாக நின்று பார்த்தார்கள். ஐந்து பொத்தான். கொஞ்சம் நேரமாயிற்று. அவசரம் யாருக்கு?

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் சிரிக்கிற சத்தம் கேட்டால் அது நல்லதுக்குத்தான் என்று நம்புகிற மனசு எல்லாருக்கும் வாய்க்கட்டும். கோபித்துக்கொண்டு படியிறங்கினவர்களை அன்றைக்கே போய்க் கூட்டிவரக் காலில் தெம்பு இருக்கட்டும். பிள்ளைகுட்டிகளோடு நிறைஞ்சு இருங்க, போய் வாங்க.