கறுப்புப் பாதையில் ஒரு படையல்

பிரான்சின் மொர்வான் மலைக்காட்டின் ஓரத்தில் இருந்த அந்தக் கல்வீட்டுக்கு இராஜேந்திரனும் அஜந்தாவும் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. மலைச்சைக்கிள் ஓட வருகிறவர்கள் தங்கிப்போகும் வீடு அது. முற்றத்தில் சேறு கழுவ ஒரு குழாய், சுவரோரம் சைக்கிள் சாத்திவைக்க இரும்புக் கம்பிகள், வாசலில் பாதைகளின் படம். பச்சைப் பாதை பிள்ளைகளுக்கு, நீலம் பழகியவர்களுக்கு, சிவப்பு கெட்டிக்காரர்களுக்கு, கறுப்பு உயிரில் ஆசையில்லாதவர்களுக்கு. கடைசியாக உள்ளது படத்தில் எழுதியிருக்கவில்லை. அது இராஜேந்திரனாக நினைத்துக்கொண்டது.

அவர்களுடைய ஒரே மகன் கிருஷாந்த் அந்தக் கறுப்புப் பாதையில்தான் விழுந்து செத்தான்.

பாரிஸில் தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பலில் மரக்கறிக்கடை வைத்திருக்கும் மனிதர் இராஜேந்திரன். மகனை எரித்த கையோடு கடையைத் திறந்தார். முருங்கைக்காய் கட்டினார், வாழைக்காய் நிறுத்தார், வருகிறவர்களோடு வழமைபோலப் பகிடியும் விட்டார். அழவில்லை. அஜந்தாவும் அழவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட தாடைபோல இருவருக்கும் எல்லாம் விறைத்துக் கிடந்தது. ஒன்றுதான் இருவராலும் முடியவில்லை. மகனின் பெயர் வாயில் வரவில்லை. "பிள்ளை" என்பார்கள், "அவன்" என்பார்கள், அதோடு சரி.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அன்று ஐயர் சொல்லியிருந்தார்.

"பிள்ளை விழுந்த இடத்திலை அவனுக்குப் பிடிச்சதைப் படைச்சுப்போட்டு வந்திடுங்கோ. திரும்பிப் பாக்கப்படாது. கூப்பிடவும் படாது."

செத்தவீட்டில் 'போட்டு வாறன்' என்று சொல்லாமல் எழும்பிப் போகிற சனத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இராஜேந்திரன் தலையை ஆட்டினார்.

வீட்டுக்காரி ஜிஸ்லேன் சப்பாத்தை மாட்டிக்கொண்டு முன்னே நடந்தாள். வயதான, அதிகம் பேசாத பெண். மரத்துக்கு மரம் ஒரு முக்கோணமும் இரண்டு வட்டமும் வரைந்திருந்தது. சைக்கிள்காரருக்கு வழிகாட்டும் குறி அது. போகப் போக வெளிச்சம் குறைந்தது. ஊறிய இலைகளின் மணம் மூக்கை அடைத்தது. பாதை சட்டென்று கீழே இறங்கும் இடத்தில் பாசி பிடித்த பெரிய கல் ஒன்று கிடந்தது. ஜிஸ்லேன் அதைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

பக்கத்து மரக்கிளையில் ஒரு பழைய தலைக்கவசம் தொங்கியது. அதிலும் பாசி.

"இது எங்கட பிள்ளையின்ரையோ?" என்று அஜந்தா கேட்டதை இராஜேந்திரன் பிரெஞ்சில் கேட்டார்.

"இல்லை. பல வருடங்களுக்கு முன்னால் இதே கல்லில் இன்னொரு பையன் விழுந்து இறந்தான்," என்றாள் ஜிஸ்லேன். "அவனைத் தேடி ஒருவரும் வரவில்லை. நான்தான் அதை அங்கே மாட்டினேன்."

அவர் அதை மனைவிக்குச் சொன்னார். அஜந்தா கொஞ்ச நேரம் அந்தக் கவசத்தைப் பார்த்தாள். பிறகு குந்தியிருந்து வாழையிலையை விரித்து, சோறும் நண்டுக்கறியும் படைத்தாள். கற்பூரம் ஈரத்தில் பற்ற மறுத்தது.

"வாரும், போவம்," என்றார் இராஜேந்திரன்.

திரும்பி நடந்தார்கள். ஜிஸ்லேன் முன்னால், அஜந்தா அடுத்து, கடைசியாக அவர். பத்தடி போயிருக்க மாட்டார். இந்தக் குளிரில் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுப் போகிறோமே என்று நெஞ்சுக்குள் ஏதோ கிள்ளியது. அவ்வளவு நாளும் செத்துக்கிடந்த நெஞ்சு அந்த இடத்தில் போய்த்தானா உயிர்க்க வேண்டும்? அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வாய் அவரைக் கேளாமல் திறந்தது.

"வாடா. வீட்டை போவம்."

பெயர் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை.

காட்டில் எதுவும் அசையவில்லை.

முறிந்த சைக்கிள் தன் கொட்டிலில் இருப்பதாக ஜிஸ்லேன் சொன்னாள். பிறகு வந்து எடுப்பதாகச் சொல்லி, இராஜேந்திரன் தன் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்தார். பாரிஸ் வரைக்கும் காருக்குள் ஊறிய இலை மணத்தது. கண்ணாடியை இறக்கியும் போகவில்லை.

லாச்சப்பலில் அவர்கள் இருக்கும் கட்டடம் பழையது. மரப்படிகள், நீண்ட ஒடுங்கிய நடை, நடையின் கடைசியில் மகனின் அறை. காட்டிலிருந்து திரும்பிய அடுத்த நாள் பின்னேரம், பொழுது படும் வேளை, இராஜேந்திரன் தேத்தண்ணியோடு குசினியில் இருந்தார். கீழே சனத்தின் இரைச்சல், தூரத்தில் ரயில் சத்தம்.

டிக். டிக். டிக். டிக்.

மிதிக்காமல் உருள விட்ட சைக்கிளின் சத்தம். நடையின் கடைசியில் தொடங்கி, மெல்ல வந்து, குசினி வாசலில் நின்றது.

வாசலில் ஒன்றும் இல்லை. ஊறிய இலை மணம் மட்டும் இருந்தது.

"கேட்டதே?" என்றார் அவர், மிக மெல்ல.

"ஓம்," என்றாள் அஜந்தா. அவள் கை வெங்காயத்தை வெட்டிக்கொண்டே இருந்தது.

அவர் பயப்படவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷப்பட்டார். ஐயர் சொன்னதை மீறியதால் என்ன கெட்டுப்போயிற்று? பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான். அன்றைக்கே அஜந்தா அறை வாசலில் ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சோறும் நண்டுக்கறியும் வைத்தாள். பிறகு தானும் சாப்பிட்டாள். செத்தவீட்டுக்குப் பிறகு அவள் வயிறு நிறையச் சாப்பிட்டதை அவர் அப்போதுதான் பார்த்தார். சத்தம் ஒவ்வொரு பின்னேரமும் வந்தது. அவர் கடையை நேரத்தோடு பூட்டத் தொடங்கினார்.

சில நாளில் நண்டுக்கறி நின்றது. கோப்பையில் பாண் துண்டும் பாற்கட்டியும் இருந்தன. நண்டு விலை ஏறியதாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

லூடோவிக் வந்தது ஒரு சனிக்கிழமை. மகனின் வேலைத்தோழன், பாரிஸுக்கு வெளியே ஓல்னேயில் இருப்பவன். கிருஷாந்த் சைக்கிளை வைத்திருந்ததே இவன் வீட்டில்தான். 'விழுந்து முறிவாய்' என்று தாய் பேசுவாள் என்பதால் அதை ஒருநாளும் லாச்சப்பலுக்குக் கொண்டுவந்ததில்லை. லூடோவிக் மகனின் கையுறைகளை மேசையில் வைத்துவிட்டுக் கோப்பியைக் கையில் எடுத்தான். வெளியே இருண்டுகொண்டு வந்தது.

டிக். டிக். டிக்.

கோப்பி பாதி வழியில் நின்றது.

"யார் அது?" என்றான்.

"எங்கட பிள்ளை," என்றார் இராஜேந்திரன். பிரெஞ்சில் சொல்ல மறந்துபோனார். திரும்பவும் சொன்னார். "எங்கள் மகன். தினமும் வருகிறான்."

லூடோவிக் கோப்பியை மேசையில் வைத்தான்.

"மொசியு, கிருஷின் சைக்கிள் சத்தமே போடாது. காட்டில் மான் வெருளும் என்று, சத்தமில்லாத சில்லைத் தேடி வாங்கிப் போட்டான். பின்னால் வந்தால் எனக்கே தெரியாது."

சத்தம் வாசலில் நின்றது.

கோப்பியைக் குடிக்காமலே அவன் போய்விட்டான். படிகளில் அவன் இறங்கி ஓடுவது கேட்டது.

இராஜேந்திரன், மகனின் அறை வாசலில் கிடந்த பாண் துண்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"உமக்குத் தெரியுமே?"

"நண்டை மணந்தும் பாக்கேல்லை," என்றாள் அஜந்தா. "எங்கட பிள்ளையெண்டால் சட்டியையே வழிச்சிருப்பான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லி? இழுத்து வெளியாலை விடுவியளே? ஆரோ பெத்த பிள்ளை. ஒருத்தரும் தேடி வரேல்லையாம். நீங்கள் கூப்பிட்டியள், வந்திட்டார்." குரலில் ஏற்றமோ இறக்கமோ இல்லை. "எனக்கு ஆருக்காவது சாப்பாடு வைக்கவேணும்."

அப்படியென்றால் தன் பிள்ளை எங்கே? வாசலில் வந்து நின்றதை நினைத்து அவருக்குப் பயம் வரவில்லை. அந்தக் கேள்விதான் பயமாக இருந்தது. கதிரையில் போய் இருந்தார்.

தொலைபேசி அடித்தது.

"மன்னியுங்கள் மொசியு," என்றாள் ஜிஸ்லேன். "வெட்கத்தை விட்டுத்தான் எடுக்கிறேன். நீங்கள் வந்துபோன நாளிலிருந்து இருட்டும் நேரத்தில் கறுப்புப் பாதைப் பக்கம் ஒரு குரல் கேட்கிறது. என் நாய் முற்றத்தில் இறங்குவதில்லை. ஒரே சொல்தான், திரும்பத் திரும்ப. எங்கள் பாஷை இல்லை."

"என்ன சொல்?"

நாக்குக்குப் பழகாத சொல்லை அவள் மெல்லச் சொன்னாள்.

"'அப்பா' என்றால் என்ன, மொசியு?"

அவர் வாயைத் திறந்தார். இவ்வளவு நாளும் வராத பெயர் வந்தது. முழுதாக வந்தது.

"கிருஷாந்த்," என்றார். "கிருஷாந்த், அங்கையே நில்லடா. அப்பா வாறன்."

மறுமுனையில் மழை பெய்யும் சத்தம். அதற்குள்ளே வெகு தூரத்தில், யாரோ கூப்பிடுவதை நிறுத்தினார்கள்.

கார்த் திறப்பு மேசையில் இருந்தது. இராஜேந்திரன் எழும்பி அதை எடுத்தார்.

டிக்.

முதுகுக்குப் பின்னால், மிகக் கிட்ட.

"இஞ்சாருங்கோ, சத்தம் போடாதேங்கோ," என்றாள் அஜந்தா, அவருடைய தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டு. "அவர் வெருளுறார்."

அவர் வாசலை நோக்கி ஒரு அடி வைத்தார். பின்னாலிருந்து யாரோ அவருடைய சேட்டின் நுனியை எட்டிப் பிடித்தார்கள். ஈரக் கை. விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று பிள்ளைகள் பிடிக்கிற பிடி.