ஏழாம் வாயின் சாட்சி

காலை ஆறு மணிக்கு ஏழாம் வாயின் மேல் இட்லிச் சட்டியை வைப்பது என் வேலை. வாய் என்றால் பாறைப் பிளவு. அடியில் எரிமலை, மேலே நீராவி. சட்டியின் மூடி எத்தனை விரல் எழும்புகிறது என்று பார்த்து, சுவரில் இருக்கும் நிலச்செவி என்ற எரிமலைக் காவல் கருவியிடம் சொல்ல வேண்டும். கரிமுனைத் தீவில் இப்படிப் பதினோரு வாய்கள். வாய்க்கொரு சாட்சி, அடுத்தவர் சொல் செல்லாது.

பூமிக்குள் இறக்கிய சென்சார்களையெல்லாம் கந்தக ஆவி தின்று தீர்த்தபிறகு, மனிதக் கண்ணை நம்புவது என்று இங்கே விதி செய்துவிட்டார்கள். முப்பது ஆண்டு நீராவிக் குழாய் பொருத்தி ஓய்வுபெற்ற இந்தப் பரஞ்சோதிக்கு இதைவிடப் பெரிய பதவி இந்திரலோகத்திலும் கிடையாது!

கண் சரி, நாக்கு? அதற்குத்தான் மிகையெண். யார் எத்தனை மடங்கு கூட்டிப் பேசுவார் என்று, சென்சார்கள் உயிரோடிருந்த நாட்களிலேயே நிலச்செவி ஒப்பிட்டு வைத்திருக்கிறது. சொன்னதை அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளும். என் மனைவி தெய்வானையின் மிகையெண் ஒன்று. பாவம். என்னுடையது ஏழு, தீவிலேயே உச்சம். இரண்டு விரலைப் பதினான்கு என்பேன், அது இரண்டென்றே குறித்துக்கொள்ளும். ஒருநாளும் பிசகியதில்லை. பத்து விரலைத் தாண்டினால் சங்கு ஊதும், தீவு காலியாகும்.

சித்திரையில் மூடி மூன்று விரல் எழும்பியது. அடுத்த வாரம் ஐந்து. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கோழியே வெந்தது. சரி, முட்டை. ஒரு வெள்ளிக்கிழமை மூடி பன்னிரண்டு விரல் துள்ளி என் காலடியில் விழுந்தது.

நாக்கு உலர்ந்துவிட்டது. "பன்னிரண்டு விரல்," என்றேன். வாழ்நாளில் நான் சொன்ன முதல் உண்மை.

"இரண்டு விரலுக்கும் குறைவு. இயல்பு நிலை. நன்றி, பரஞ்சோதி ஐயா," என்றது நிலச்செவி.

"ஐயோ, நிஜமாவே பன்னிரண்டு!"

"நிஜமாவே என்று இதுவரை நாலாயிரம் முறை சொல்லியிருக்கிறீர்கள்."

துறைமுக அதிகாரி அந்தோணியம்மாளை அழைத்தேன்.

"சங்கு ஊதாம கப்பலை அவுக்க எனக்கு அதிகாரமில்ல அண்ணே. போன மாசம் திமிங்கலம் உங்ககிட்ட நெருப்பு கேட்டுச்சுன்னீங்க!"

"அது வேற விஷயம்மா!"

காலுக்கடியில் தரை உறுமியது. தட்டோடு வந்த தெய்வானை மூடியையும் என் முகத்தையும் பார்த்தாள்.

"ஏங்க, அதுகிட்டப் போய் உண்மையைச் சொன்னா எப்படி நம்பும்? எப்பவும்போலச் சொல்லுங்க."

"பயத்துல வர மாட்டேங்குதுடி."

"பொண்ணு பார்க்க வந்தப்ப, சுறாவை வேட்டியில கட்டி இழுத்தேன்னு எங்கப்பாகிட்ட அளந்தீங்களே! அப்ப பயமில்லையா?"

"அது சுறா இல்லைன்னு உனக்கெப்படித் தெரியும்?"

"நெத்திலின்னு அன்னைக்கே தெரியும். சொல்லுங்க!"

சிரித்துவிட்டேன். நாக்கில் ஈரம் வந்தது.

"மூடி தென்னைமர உயரம் போயிடுச்சு! அதுமேல ஒரு பருந்து உட்கார்ந்து, வெந்துபோய் இறங்குச்சு!"

நிலச்செவி ஒரு நொடி வகுத்தது. பருந்தைத் தள்ளுபடி செய்திருக்கும். சங்கு ஊதியது.

நண்பகலுக்குள் எல்லாக் கப்பல்களும் கடலில் இருந்தன. மாலையில் மலை வெடித்தது. ஏழாம் வாய் இருந்த இடத்தில் நெருப்பு எழுந்து நின்றதை உள்ளபடி வருணிக்கிறேன் என்றால் நீங்களே நம்பமாட்டீர்கள். மூன்று நாள் சாம்பல் பெய்தது.

நாற்பது நாள் கழித்துத் திரும்பினோம். எங்கள் வீட்டுக் கூரை சாம்பல் பாரத்தில் உட்கார்ந்திருந்தது. கரையில் புதிதாய்ப் பளபளக்கும் கருமணல். சட்டி போய்விட்டது, மூடி மட்டும் கிடைத்தது.

"உங்கள் சேவையைப் பாராட்டி, மிகையெண்ணை ஒன்றாக்கலாமா? இனி நீங்கள் சொல்வதெல்லாம் அப்படியே ஏற்கப்படும்," என்றது துறைமுகச் சுவரிலிருந்த நிலச்செவி.

நான் வாய் திறப்பதற்குள் தெய்வானை முந்திக்கொண்டாள். "வேணாம். இவர் உள்ளதை மட்டும் பேசணும்னா ஒரே வாரத்துல செத்துருவார். நான் யாரோட சண்டை போடுறது?"

ஏழு ஏழாகவே இருக்கிறது. அன்று நான் காப்பாற்றியவர்கள் மொத்தம் ஐயாயிரத்து அறுநூற்று எண்பத்து நான்கு பேர். சந்தேகமிருந்தால் அந்தோணியம்மாளின் கப்பல் பதிவேட்டில் எண்ணூற்றுப் பன்னிரண்டு பெயர்களையும் எண்ணிவிட்டு, என் கணக்கை ஏழால் வகுத்துப் பாருங்கள். ஒருவர்கூடக் குறையாது.